மணிக்காரன் செய்யவில்லை, நானா

நானா,

உங்கள் மகள் தந்துவிட்ட கடை டிவி ரிமோட்டில் இன்னும் தையல் மெஷின் எண்ணெய் மணக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நேற்று அந்த ஜப்பான் கார்ட்டூனின் கடைசிப் பகுதியைப் பார்த்து முடித்தேன். மணிக்காரன் செய்யவில்லை. இதை உங்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

மீள்குடியேறி வந்த புதிதில், நிவாரணமாய்க் கிடைத்த கூரைத் தறப்பாளை மூட்டித் தைக்க உப்புக்குளத்தில் உங்கள் தையல் கடைக்கு வந்தேன். நான் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியவன், நீங்கள் புத்தளத்திலிருந்து. அறுபது தாண்டிய என்னையும் தம்பி என்று கூப்பிட்டு, உட்காரக் கதிரையைத் தள்ளிவிட்டு, படம் முடிந்த பிறகுதான் தைப்பேன் என்றீர்கள். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானும் உங்களை நானா என்றேன். அக்கரைத் தமிழ்நாட்டுச் சேனல் ஒன்றில் அந்தக் கார்ட்டூன் தமிழ்க் குரலோடு ஓடிக்கொண்டிருந்தது. சின்னப்பிள்ளைகளின் படமென்று முகம் சுளித்தேன். பிறகு தோட்டவெளியிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிள் மிதித்து வந்தவனும் நான்தான்.

அந்தத் துறைமுக ஊரில் வீட்டுக்கொரு விளக்கு. அது அணைந்தால் வீட்டார் தங்கள் பெயரையே மறந்துபோவார்கள். விளக்குகளை யாரோ அணைத்துக்கொண்டு வர, ஒரு பெண்பிள்ளையும் ஒரு நீர்க்காகமும் துப்பறிவார்கள். ஓரிடத்தில் முந்தைய நாள் நடந்தது மட்டுமே அந்தப் பறவைக்குத் தெரியும். அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. முகாமில் கிழிந்த துப்பறியும் புத்தகங்களை வைத்தே வாசிக்கப் பழகியவன் நான். மர்மக் கதை என்றால் அதற்குள் ஒரு நேர்மை இருக்க வேண்டும். கடலையும் குறை சொல்ல மாட்டேன். கச்சான் காற்று எழும்பும்போது தண்ணீர் நிறம் மாறுவதை அப்படியே படமாய்க் கீறியிருந்தார்கள்.

ஆனால் நடுவில் திருவிழா, பாட்டு என்று இழுத்தார்கள். கதை முட்டுப்பட்டதும், அந்தப் பறவைக்கு நாளை நடக்கப்போவதும் தெரியத் தொடங்கியது. கள்ள வேலை என்றேன். அந்த ஊர் மீனவர்கள் சென்னைத் தமிழ் பேசியதற்கு நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அதிலும் கோபம்தான்.

நமக்குள் பெரிய சண்டை மணிக்காரனால் வந்தது. கோபுர மணியை அடிக்கிறவன் அவன்; விளக்கு அணைகிற நாளெல்லாம் அந்த மணி அடித்தது. ஊர் கூடி அவனைக் குடும்பத்தோடு வெளியேற்றியது. கள்ளன் அவனேதான், எல்லாம் அவனுக்கு எதிராகத்தானே நிற்கிறது என்று நான் வாதாடினேன். நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தீர்கள்.

"எங்களை வெளிக்கிடச் சொன்ன அன்டைக்கும் ஊருக்கு அப்படித்தான் பட்டிருக்கும், தம்பி."

முஸ்லிம் குடும்பங்களை ஊரைவிட்டு வெளியேற்றிய அந்த நேரம் நான் அக்கரை முகாமில் இருந்தேன் என்றேன். "உங்களைச் சொல்லேல்லை" என்று துணியை எடுத்தீர்கள். அதன் பிறகும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

படத்தின் கடைசி வாரம் நீங்கள் ஆஸ்பத்திரியில். நானும் படம் பார்க்காமல் வாட்டு வாசலில் கிடந்தேன். "திரும்பவும் போடுவாங்கள், பாத்து வந்து சொல்லுங்க. அவன் செய்யேல்லை" என்றீர்கள். திரும்பப் போட்டபோது நீங்கள் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது. வாழ்நாளில் ஒரு வாதத்திலும் தோற்க விரும்பாதவன், வென்றுவிடுவேனோ என்று பயந்தேன். அவன் கள்ளனாகிவிட்டால், நீங்கள் கடைசியாகச் சொன்ன சொல் அல்லவா பொய்யாகிவிடும்?

நாம் விட்ட பிழை ஒன்று இப்போதுதான் தெரிந்தது. முடிவுப் பாட்டுத் தொடங்கும் நேரம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும். நீங்கள் டிவியை நிற்பாட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவீர்கள், நான் சைக்கிளை எடுப்பேன். பாட்டுக்குப் பிறகும் கதை இருந்திருக்கிறது, நானா. ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் காட்சி. விளக்கு முதலில் அணைகிறது, அதைக் கண்ட பிறகுதான் மணிக்காரன் கோபுரத்தில் ஓடி ஏறுகிறான். ஊரை எழுப்பத்தான் அடித்திருக்கிறான். கள்ளன், அவனை வெளியேற்றும் கட்டளையை வாசித்த துறைமுக அதிகாரி.

அதில் ஒரு காட்சியையும் காணாமலே நீங்கள் அவன் பக்கம் நின்றீர்கள். மணிக்காரன்மேல் இருந்த பழி நீங்கியபோது எனக்கு நெஞ்சிலிருந்து கல்லை இறக்கிவைத்ததுபோல் இருந்தது. தனியே இருந்து சிரித்தேன்.

ஆனாலும் முடிவில் குறை உண்டு. அவனைத் திரும்ப அழைத்தார்கள், மாலை போட்டார்கள். பிழை விட்டுவிட்டோம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை நான் மன்னிக்க மாட்டேன். பறவை விஷயத்தையும்தான்.

இன்று காலை எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் ஒருவன்மேல் மற்றவர்களின் வலையை வெட்டிய பழி. அவன் இந்தக் கரையில் தொழில் செய்யாமல் விலக்க எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

"உங்களுக்கும் அவனுக்கும் என்ன ஒட்டு, ஐயா?" என்றார் தலைவர்.

"ஒட்டில்லை. அவன் வெட்டினதை ஆர் கண்டனீங்கள்?"

விசர் பிடித்த கிழவன் என்று பின்னுக்கு யாரோ சொன்னது கேட்டது. நான் எழும்பிப் போகவில்லை. கடைசியில், அவனையும் கூப்பிட்டுக் கேட்ட பிறகே முடிவு என்றாயிற்று. ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்ததும் அவனை விசாரிக்கப் போகிறார்கள். நான் முன்வரிசையில் இருப்பேன்.