பங்கு போட்ட மாத்திரை

செவ்வாய்க்கிழமை

இன்று டிஸ்பென்சரியில் மாத்திரை அட்டையில் எழுதியிருந்ததை நானே சத்தமாகப் படித்தேன். “தினமும் காலையில் ஒன்று.” பயிற்சிக்கு வந்திருக்கும் மதுரை டாக்டரம்மா எனக்காகத் தமிழில் எழுதியது. இந்த வயதில் எழுத்துக் கூட்டிப் படித்ததில் எனக்கு ஒரே பெருமை.

அவருக்குச் சொல்லித்தரும் பெரிய டாக்டரும் இருந்தார். என் பிரஷர் இறங்கவே இல்லை. “சாச்சா, கோலி ரோஸ் லேதே ஹோ?” என்று, மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறேனா என இந்தியில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே டாக்டரம்மாவிடம் திரும்பி, மருந்து கொடுக்கத் தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். அந்தப் பெண் தலை குனிந்து நின்றது. நான் கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒருநாள் நான், மறுநாள் என் மனைவி காவேரி என்று அந்த மாத்திரையைப் பங்கு போட்டுத்தான் தின்கிறோம். அவளுக்கும் பிரஷர். டிஸ்பென்சரி வரிசையில் நின்றால் வீட்டு வேலைக்குப் போக முடியாது.

இப்போது கொடுத்திருப்பது வீரியம் கூடிய மாத்திரை. நாளை அவள் முறை என்று காவேரி கை நீட்டினாள். கொடுக்கப் பயந்து, நடந்ததைச் சொன்னேன்.

“பாவம்யா அந்தப் பொண்ணு. காலையில டிஸ்பென்சரிக்கு நானும் வர்றேன், உண்மையச் சொல்லிடுவோம். லோதி ரோடு மேடம் ஒருநாள் அவங்க பாத்திரத்த அவங்களே கழுவட்டும்.”

சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படி ஆரம்பிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.