உன் உம்மா திறந்து கொடுத்த ஹூக்காக்கள்

சைதா, துறைமுகத் தெரு
ஞாயிறு காலை

அன்பு மகள் லமீஸுக்கு வாப்பா எழுதுவது. உன்மீதும் உன் வீட்டார்மீதும் இறைவனின் சாந்தி நிலைக்கட்டும். நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை பேனா அதற்கு இணங்க மாட்டேன் என்கிறது. நான் சுகம். அதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன் இருக்க இந்தக் கிழவன் ஏன் காகிதத்தைத் தேடினான் என்று நீ நினைப்பாய். போனில் நான் பேசினால் உன் உம்மா பக்கத்து அறையிலிருந்து கேட்பாள், செய்தி அனுப்பினால் எடுத்துப் படிப்பாள், இந்த வீட்டில் ஒளிந்து பேச எங்கே இடம். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், இன்னும் யாரும் வரவில்லை, கடையாள் ஜமீல் பின்னால் கரியை அடுப்பில் பரப்பிக்கொண்டிருக்கிறான். அவன் மருமகன் புதன்கிழமை உங்கள் ஊர் மால்மோவுக்குத் திரும்புகிறான், அவனிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஸஅத்தர் பொடி ஒரு பொட்டலமும் நம் மரத்து எலுமிச்சையில் ஊறுகாய் ஒரு புட்டியும் இருக்கும், புட்டியைத் துணியில் சுற்றியிருக்கிறேன், சாய்க்காமல் எடு. இந்த வருஷம் எலுமிச்சை கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. பறித்தது நான்தான், உம்மா இல்லை. பார்த்தாயா, சுற்றி வளைத்து அங்கேயே வந்து நிற்கிறேன்.

உன் உம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு காகிதம். வெள்ளிக்கிழமைதோறும் நீ கூப்பிடுகிறாய், இந்தச் சில மாதமாக அவள் ம் என்கிறாள், சரி என்கிறாள், நல்லது என்கிறாள், அத்தோடு போனை என்னிடம் நீட்டிவிடுகிறாள். மூணு வருஷம் ஆகியும் உம்மாவுக்கு மனசு இறங்கலையே வாப்பா என்று போன மாதம் நீ என்னிடம் அழுதாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். உண்மை என்னவென்றால், அவளுக்கு இரண்டாவது வார்த்தைக்கு மூச்சு இல்லை அம்மா. ஒரு வார்த்தை சொல்லி, நாலு தடவை இழுத்து, அடுத்த வார்த்தை சொல்ல வேண்டும். அந்த இழுப்பு உன் காதில் விழக் கூடாதென்றுதான் அவள் போனைத் தள்ளிவிடுகிறாள். நான் சொல்லிடுறேனே என்றதற்கு, புள்ள நான் கோவமா இருக்கேன்னு நெனச்சா தூங்கிடுவா, சாகக் கிடக்கேன்னு தெரிஞ்சா தூங்க மாட்டா, அதனால வாயைத் திறக்காதீங்க என்று சத்தியம் வாங்கினாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். அந்தச் சத்தியத்தை இதோ உடைக்கிறேன், இறைவன் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

இதெல்லாம் என் கைங்கரியம். ஷேர் டாக்சியை விற்று, வீட்டுக்குக் கீழே வலை போட்டு வைத்திருந்த அறையைக் காலி பண்ணி, ஹூக்காக் கூடம் வைக்கிறேன் என்று குதித்தவன் நான். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், நாற்காலிகளுக்கு நீலம் அடித்தது நீதான். இரண்டு மாதம் ஈ ஓட்டினோம், ஞாபகம் இருக்கும். ஹூக்கா தயார் பண்ண வைத்த ஆள் ஒரு வெள்ளிக்கிழமை வராமல் போனான், ஷஃபீக் வாத்தியார் வந்து உட்கார்ந்துவிட்டார், உன் உம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஹூக்காவின் தலைக்கிண்ணத்தில் புகையிலையை நிரப்பி, தணல் வைத்து, தான் வாய் வைக்கிற மரமுனையைக் குழாயில் செருகி, காட்டமெல்லாம் போகிற வரைக்கும் இழுத்து இழுத்து வெளியே விட்டு, வாசனைப் புகை வெள்ளையாகத் திரண்டதும், ஹூக்கா திறந்தாயிற்று என்று, வாத்தியாருக்கு வேறு முனை மாட்டிக் குழாயை மடக்கி நீட்டினாள். ஹூக்கா வாங்குகிறவர்கள் நன்றி சொல்லும் வழக்கப்படி அவர் அவள் புறங்கையில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டி வாங்கினார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, உன் பெயரைச் சேர்த்து என்னைக் கூப்பிடுகிற வழக்கப்படி, அபு லமீஸ், இத்தனை நாளா இந்த மூச்சை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரமே வாசலில் பலகை மாட்டினேன், இங்கே ஒவ்வொரு ஹூக்காவும் உம் லமீஸின், அதாவது உன் உம்மாவின், மூச்சால் திறக்கப்படும் என்று. உன் மாமன் வந்து, ஆம்பளைங்க வாயில வைக்கப் போறத ஊர் பாக்க இழுத்துக் கொடுக்கிறியே, வெக்கமா இல்லையா என்று சத்தம் போட்டான். உம்மா, அவங்க முனை தனி, என் முனை தனி, உனக்கு எங்க வலிக்குது என்று கேட்டு அனுப்பிவைத்தாள். அவள் மூச்சுக்கு ஒரு ராசி இருக்கிறது என்று துறைமுகமே பேசியது. பதினோரு வருஷம் அம்மா. நாளைக்கு இருபதா முப்பதா, நான் எண்ணியதில்லை. ராத்திரி இருமினால் கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சோம்புத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

நீ மட்டும்தான் சொன்னாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோடையில் வந்தபோது ரிப்பன் கட்டி ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தாய், உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றுப் பம்பு. இனிமே உம்மா இழுக்க வேண்டாம், இது இழுத்துத் திறந்து கொடுக்கும் என்றாய். நான் என்ன செய்தேன், கடை நிறைய ஆளை வைத்துக்கொண்டு, என்ன லமீஸ், ஹூக்காவுக்குப் பஞ்சர் ஒட்டப் போறியா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவும் என்னை விட்டுக்கொடுக்காமல், என் மூச்சு இருக்கிற வரைக்கும் இந்தக் கடைக்கு மெஷின் வேண்டாம் என்றாள். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து சாகுறதுக்குக் கடை வச்சிருக்கீங்க, அதைப் பாக்க நான் இனிமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ பெட்டி கட்டினாய். உனக்கு வைத்த காபி அப்படியே ஆறிக் கிடந்தது. அந்தக் கோப்பையை உம்மா சாயங்காலம்வரை கழுவவில்லை.

இந்த வசந்தத்தில் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமா புகைக்கிறீங்க என்று கேட்டார். அவள், நானா, அந்தக் கருமத்தை நான் தொட்டதே இல்லையே டாக்டர் என்றாள். நானும் பக்கத்தில் நின்று, ஆமா டாக்டர், அவ புகைக்க மாட்டா, திறந்து மட்டும்தான் கொடுப்பா என்றேன். அவர் புரியாமல் விழிக்க, திறப்பது என்றால் என்ன என்று கையை ஆட்டிப் பெருமையாக விளக்க வேறு செய்தேன், ஒரு நாளைக்கு எத்தனை என்றுகூடச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அது பொய் இல்லை லமீஸ், சத்தியமாக அது புகைப்பது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. சமைக்கும்போது நாக்கில் உப்பு பார்த்தால் நோன்பு போய்விடுமா என்பார்கள், அப்படித்தான் நினைத்திருந்தோம். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம், நுரையீரல்ல இனி சரிபண்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல, பிள்ளைங்க வெளிநாட்டுல இருந்தா சொல்லிடுங்க என்றார். நான் சொல்லவில்லை. ஐந்து மாதம் சொல்லவில்லை. இப்போது மாடியில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, கரண்டு போனால் ஜெனரேட்டர்காரன் புண்ணியத்தில் ஓடுகிறது, அவனும் நிறுத்தினால் நான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்.

இனி எழுதப் போவதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. அவள் படுத்ததும் கடையை அடைத்தேன். அடைத்தால் மெஷினுக்கும் மருந்துக்கும் எங்கே போவது, எட்டாம் நாள் திறந்தேன். அவளைச் சாய்த்த அதே கடை அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இந்தக் கேவலத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. யார் இழுத்துத் திறப்பது என்று வந்தபோது அலமாரிக்கு மேலிருந்து உன் பெட்டியை எடுத்தேன். ரிப்பன்கூட அவிழ்க்காமல் இருந்தது. திரைக்குப் பின்னால் மாட்டி விசையை அழுத்தினேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புகை திரண்டு நின்றது. ஷஃபீக் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கண்டுபிடித்துவிடுவார், ஊரைக் கூட்டிவிடுவார் என்று பயந்தேன். அவர் கையைத் தட்டி வாங்கினார், ஒரு இழுப்பு இழுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். திரைக்குப் பின்னால் இழுத்தது அவள்தான் என்று நினைத்து, உம் லமீஸுக்குச் சொல்லுங்க, இந்த மூச்சு வேற எங்கயும் கிடைக்காது என்றார். அன்றிலிருந்து அதே பம்புதான், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருவருக்கும் அம்மா. நீ வாங்கி வந்த அன்றைக்கே நான் வாயை மூடிக்கொண்டு அதை மாட்டியிருந்தால் மூன்று வருஷ மூச்சாவது அவளிடம் மிஞ்சியிருக்கும். பலகையைக் கழற்றிவிட்டேன், ஜமீல் அதை உடைத்து அடுப்பு மூட்டிவிட்டான். நான் மாடி ஏறினபோது உம்மா, இப்ப யாரு திறக்கிறது என்று கேட்டாள். ஜமீல் என்று பொய் சொன்னேன். அவன் அவசரக்காரன், மெதுவா இழுக்கச் சொல்லுங்க, காட்டம் போகாம கொடுத்துடப் போறான் என்று மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். நான் சரி என்றேன்.

நீ வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போ, அந்த ஊர்க் குளிர் பொல்லாதது. சாப்பிடாமல் இருந்துவிடாதே. டிக்கெட் கிடைத்தால் வா, வந்ததும் இவள்மேல் விழுந்து அழாதே, ஊறுகாய் நன்றாக இருந்தது என்று சொல்லு, அது போதும். என்னைப் பார்த்து நீ என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்கிறேன், திட்டினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. வர முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை கூப்பிடு. எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, பதில் வேண்டியிருக்கிற எதையும் கேட்காதே. நீயே பேசு. என்ன சமைத்தாய், பஸ்ஸில் யார் வந்தார்கள், பனி விழுந்ததா, வாயில் வருவதையெல்லாம் பேசு.

இன்னொன்று. போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, லைன் சரியில்ல வாப்பா, டக் டக்குன்னு சத்தம் வருது, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டாய். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் சொன்னாய். லைனுக்கு ஒன்றும் இல்லை அம்மா. என்னிடம் நீட்டிய போனை நீ பேசும்போதே உன் உம்மா திரும்ப வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அதன் முதுகில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாளில் அவள் கையிலிருந்து ரொட்டி வாங்கும்போது, கடையில் பார்த்துவிட்டு, நீ தட்டுவாயே, அதே தட்டு. நீ வைத்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டினாள். வருகிற வெள்ளிக்கிழமை அந்தச் சத்தம் வந்தால் வைத்துவிடாதே.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த மூச்சையும் தரட்டும். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, நான் சொன்னதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

உன் வாப்பா,
அபு லமீஸ்