ஆற்று வளைவில் உன் பெயர்

என் தங்கத் தம்பிக்கு,

நல்ல செய்தி எழுத ஆசைதான். ஆனால் இது நல்ல செய்தி இல்லை.

நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சின்ன ஆறு உனக்குத் தெரியாததா? மேற்கே குளம் நிரம்பி வான்பாயும் இடத்தில் தொடங்கி, நெல்வயல் வட்டையை ஒட்டி வந்து, மருதமரத்தடியில் பெரிதாக வளைந்து, அதற்குப் பிறகுதான் வாவிக்குள் இறங்கும். மாரி வெள்ளம் அந்த வளைவில்தான் பரந்து வேகம் குறையும். அங்கே கிரவல் மண் கொட்ட வந்த டிப்பர் லொறிக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாயே! "ஆத்துப்பேய்" என்று உன்னை ஏசினார்களே.

உன் ஆண்டுத் திவசம்கூட இன்னும் வரவில்லை. ஏசிய அதே ஊர் அபிவிருத்திச் சங்கத்து ஆட்கள் வளைவை நிரப்பி, மேலே ஒரு மண்டபமும் கட்டிவிட்டார்கள். அதன் நெற்றியில் யார் பெயர் தெரியுமா? உன் பெயர்! படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்.

சங்கத் தலைவர் வீட்டு வாசலுக்கே வந்தார். "அக்கா, திறப்பு விழாவுக்கு நீங்கதான் நாடா வெட்டோணும். தம்பி ஆத்துல உசிரையே வெச்சிருந்தவர்தானே, அதான் பக்கத்திலயே கட்டினம்."

"ஆத்துக்குள்ள கட்டிப்போட்டுப் பக்கத்தில எண்டுறீங்க. மாரிக்கு ஆறு எங்கால போறது?"

"ஆறுதானேக்கா. எங்கயாவது போகும்."

நாடாவை நான் வெட்டவில்லை. பார்க்கத்தான் போனேன். உன் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டார்கள். சர்க்கரைப் புக்கை பொங்கித் தின்ற பிளாஸ்டிக் தட்டுகளை அப்படியே பின்பக்கத் தண்ணீருக்குள் எறிந்தார்கள். வாயில் வைத்த புக்கையைத் துப்பிவிட்டேன். உன் மகள் பெருமையோடு போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் நான் என்னத்தைச் சொல்ல?

ஆறு இப்போது மருதமரத்தோடு முட்டி நின்று பச்சையாய் நாறுகிறது. மழை பெய்தால் தண்ணீர் திரும்பி வட்டைக்குள்தான் ஏறும். விதைத்தவன் வயிறெரிந்து மண்டபத்தைப் பார்ப்பான். அங்கே உன் பெயர் இருக்கும். ஆற்றை மறிக்காதே என்று நின்றவனின் பெயரைச் சொல்லியே மண்ணை அள்ளித் தூற்றுவான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லையடா.

மாரி தொடங்குவதற்கு முன் ஏணியும் உளியும் கொண்டுபோய் உன் பெயரை நானே கொத்தி எடுப்பேன். மறிக்க வந்தால் வரட்டும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பேன். மண்டபத்தை ஆறு பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஆத்துப்பேயின் அக்கா