பத்து வயதுக்கு முன் ஒரு கையெழுத்து

என் செல்ல அக்கா,

உன் யாழினி பேரில் கணக்கு தொடங்கிவிட்டோம். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. என் குட்டி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பக்கத்தில் உன் மகள், வழக்கம்போல என் தலையணையையும் பிடுங்கிக்கொண்டு.

நான் எதற்கும் பயப்படுகிறவள், உனக்குத் தெரியும். நீ எங்களை விட்டுப் போன பிறகு அது இன்னும் கூடிவிட்டது. எனக்கு ஏதாவது ஆனால் இந்த இரண்டும் என்ன செய்யும்? அந்தப் பயத்தில்தான் குட்டிக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு போட்டேன். வட்டிக்கும் வரி இல்லை, கடைசியில் கைக்கு வரும் பணத்துக்கும் இல்லை. ஆனால் பெண்ணுக்குப் பத்து வயது முடிந்துவிட்டால் இதைத் தொடங்கவே முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. யாழினிக்கு அடுத்த வாரம் பத்து.

அவளைக் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்கு ஓடினேன். பள்ளிக்கூட டைரியில் போடுகிற பழக்கத்தில், விண்ணப்பத்திலும் 'தாய்' என்று என் பெயரை எழுதிவிட்டேன். கவுண்டரில் இருந்த கன்னடக்காரர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்.

"இதுல வேற பேர் இருக்கே மேடம்?"

"நான் சித்தி. அம்மா மாதிரிதான்."

"மாதிரி எல்லாம் ஆகல்லா, முடியாது மேடம். அப்பா இருக்கார்ல? கூட்டிட்டு வாங்க. பணம் யார் வேணா கட்டலாம். கணக்கு அவர்தான் தொடங்கணும்."

கனிவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது. எந்த வீட்டில் சித்தியை வேறு என்று நினைக்கிறார்கள், அக்கா?

உன் வீட்டுக்காரரை ஒப்புக்கொள்ள வைப்பது சுலபமா? மாமா இன்னும் ஒரு கம்பெனிக்கு ராத்திரி கேப் கார்தான் ஓட்டுகிறார். இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இருபத்தொரு வருஷம் பூட்டி வைக்கணுமா? அதுக்குச் சந்தாபுராவுல ஒரு வீட்டுமனை சைட் வாங்கிப் போட்டா, நாளைக்கே வித்தாலும் காசு" என்றார்.

"நாளைக்கே வித்துடுவீங்கன்னுதான் மாமா பூட்டி வைக்கச் சொல்றேன்."

சிரித்துவிட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு. ஆனாலும் விடவில்லை. "சரி, பி.பி.எஃப். போடு. நடுவுல எடுக்கலாம்ல?" எனக்கென்று வைத்திருக்கும் சேமிப்பு அதுதான், ஆத்திர அவசரத்துக்கு உதவும். ஆனால் பிள்ளை பணத்தை நடுவில் எடுக்கலாம் என்பதுதானே என் பயமே?

யாழினி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "இதுல எடுக்கவே முடியாதா சித்தி?"

"பத்தாவது முடிச்சாலோ பதினெட்டு ஆனாலோ, படிப்புக்குப் பாதி வரைக்கும் எடுக்கலாம். பதினெட்டுக்கு மேல நீதான் கையெழுத்துப் போடணும்."

"அந்த சைட் யார் பேர்லப்பா?"

"என் பேர்லதான். எல்லாம் உனக்குத்தானேம்மா."

"அப்ப எனக்கு இதே போதும்" என்று கை கழுவப் போய்விட்டாள்.

மாமா மிச்ச இட்லியைத் தள்ளிவைத்தார். பிறகு, "உங்க அக்காவே வந்து பேசிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் ஷிப்ட் முடிந்து, தூங்காமல், யூனிபார்மோடு தபால் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டார். யாழினி திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் பாஸ்புக்கைக் காட்டிவிட்டாள். "நிம்தா?" என்று அவர் கன்னடத்தில் கேட்க, "நந்தே, என்னுதுதான்" என்று இரண்டு மொழியிலும் பதில்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. பதினெட்டு முடிந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், காலம் முடியும் முன்பே இந்தக் கணக்கை மூடிவிடலாம் என்றும் விதி இருக்கிறது. உன் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றதும் ஒரு கல்யாணத்துக்காகத்தானே? அப்போது நீ என்ன நினைத்தாய், அக்கா? யாராவது உன்னைக் கேட்டார்களா?

இவளைக் கேட்பார்கள். சம்பளம் வந்ததும் முதலில் இவளுக்குக் கட்டுவேன், பிறகு என் குட்டிக்கு. நல்ல வரன் வந்திருக்கிறது, கணக்கை மூடிவிடலாம் என்று மாமாவே வந்து நின்றாலும், இவள் படித்து முடிக்கும் வரை நான் தபால் ஆபீஸ் வாசலை மறித்து நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு ஒரே போர்வையில் தூங்கி வளர்ந்த தங்கை,
கவிதா