உங்க மேசை இருக்கிற இடம்

என்னங்க,

கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டிப் பழக ஒரு சின்ன கரண்ட் உலை வாங்கட்டுமான்னுதான் கேட்டேன். கத்துக்குட்டிக்கு எதுக்கு இதெல்லாம்னு திட்டுவீங்கன்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா, "விலையைப் பாக்காதே, பெரிசாவே வாங்கு. சுத்தி இடம் விடணும், என் மேசையைத் தூக்கிட்டு அங்கே வை"ன்னு எழுதியிருக்கீங்க.

செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குற மனுஷன் நீங்க! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு.

அந்த மேசையில ஒரு பேனா இடம் மாறினாலே வீட்டை ரெண்டாக்குவீங்க. வெளியூர் வேலை முடிஞ்சு திரும்பி வர்றவர் இனிமே எங்கே உக்காந்து எழுதுவாராம்? சீக்கிரமே வந்துடுவேன்னு சொல்லிட்டு, வெயில் காலத்துல கம்பளிச் சட்டையையும் சேர்த்து எடுத்துட்டுப் போனீங்களே, அப்பவே கேட்டிருக்கணும்.

பெரிசுக்குத் தனியா ஒயரிங் இழுக்கணும், சின்னதுக்கு வீட்டு ப்ளக்கே போதும்னு கடைக்காரம்மா சொன்னாங்க. சின்னதையே வாங்கி, மாடிப்படிக்குக் கீழே கல் மேடையில வச்சுட்டேன். சூடு தானா ஆறுறதுக்குள்ள மூடியைத் திறந்தா கண்ணாடி விரிசல் விட்டுடுமாம். அதனால நானும் கடிதத்துல எதையும் கிளறல.

உங்க மேசை இருந்த இடத்துலயே இருக்கு. தூக்கணும்னா நீங்களே வந்து, என் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுத் தூக்குங்க.

இப்படிக்கு,
இன்னமும் அந்த மேசையைத் தினம் துடைக்கிறவ