‘கெஸ்ட்’ எங்கள் வீட்டில் தங்கிய மார்ச்

மார்ச் 3
நீண்ட ஆலோசனைக்குப் பின், என் எழுதுமேசையைப் படிப்பறையிலிருந்து சாப்பாட்டு அறைக்கு மாற்றுவதென்று இன்று காலை 7.10 மணிக்குத் தீர்மானம் நிறைவேறியது. ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன். படிப்பறையில் மனைவியின் தம்பி படுத்திருக்கிறான். இரண்டு நாள் என்று வந்தான். இன்று பதினெட்டாவது நாள்.

மார்ச் 5
ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘ஜி’ எழுத்தை இருபதாம் தேதி ஒப்படைக்க வேண்டும். தவறினால் மிச்ச எழுத்துகள் பேராசிரியர் ஒருவருக்குப் போய்விடும் என்று பதிப்பாளர் சாந்தமாகச் சொன்னார். அந்தச் சாந்தம்தான் பயம். ஆறு வருட உழைப்பு. ‘கெஸ்ட்’டில் நிற்கிறேன்; அதற்குப் பின் நூற்றைம்பது சொற்கள். மைத்துனன் பேசிக்கொண்டே இருக்கிறான்.

மார்ச் 8
‘விருந்தாளி’ என்று எழுதி முடித்திருக்கலாம். சொல்லின் பிறப்பையும் எழுத வேண்டுமே. தேடிப் போனால் மிகப் பழைய வேர் ஒன்றில் முட்டுகிறது. அந்நியனைக் குறித்த அந்த ஒரே வேரிலிருந்துதான் வந்தவனுக்கும் வரவேற்பவனுக்கும் பெயர் கிடைத்திருக்கிறது. லத்தீனில் அதே வேர் ‘எதிரி’ ஆகிவிட்டது.
அவர்கள் வீட்டிலும் யாரோ தங்கியிருக்கிறார்கள்.

மார்ச் 9
அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் படியெடுத்து, ‘எதிரி’யை அடிக்கோடிட்டு, மைத்துனன் காபி குடிக்கும் இடத்தில் வைத்தேன்.
மனைவி பார்த்துவிட்டாள். “நேரா சொல்லுங்களேன், அவன் என்ன கடிச்சிடவா போறான்?”
நேராகச் சொல்லும் தைரியம் இருந்தால் நான் ஏன் அகராதி எழுத வருகிறேன்?

மார்ச் 10
இரண்டு தடவை படித்தான். கண் கலங்கிவிட்டது.
“அத்தான், வந்தவனும் வீட்டுக்காரனும் ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. நான்தான் இத்தன நாளா விருந்தாளி மாதிரி காலை நீட்டிக்கிட்டு இருந்துட்டேன். வெக்கமா இருக்கு.”
கிளம்புகிறான் என்று நினைத்தேன். குளியலறைக் குழாயைக் கழற்றிச் சரிசெய்தான்.
எதிரியைப் பற்றியும் எழுதியிருக்கிறதே என்று மெல்ல இழுத்தேன்.
“அது லத்தீன்காரங்க பாடு, அத்தான்.”

மார்ச் 14
சமையல், வாசல், தொலைபேசி மூன்றும் அவன் கையில். எனக்கு யார் பேசினாலும் “நம்ம வீடுதான், சொல்லுங்க” என்கிறான். என்னை யாரும் கூப்பிடுவதில்லை. இன்று பதினொரு சொற்கள் முடித்தேன். இதை அவனிடம் சொல்வதாக இல்லை.

மார்ச் 17
பதிப்பாளரின் தொலைபேசியையும் அவனே எடுத்திருக்கிறான். “பாவம் அத்தான், அவங்க வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்களாம், சாப்பாடெல்லாம் கடையிலதானாம். இருபதாம் தேதி இங்க வாங்கன்னுட்டேன்.”
யாரைக் கேட்டுக் கூப்பிட்டான்? அறுபது சொல் பாக்கி கிடக்கு — நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பரிமாறுவேன்?

மார்ச் 20
பதிப்பாளர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். முப்பத்தெட்டுச் சொற்கள் பாக்கி என்று சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் மைத்துனன் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தான். கை கழுவிவிட்டு வந்து அவரே சொன்னார்: “நிதானமா முடிங்க சார். மே மாசம் வெச்சுக்கலாம். பேராசிரியர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”
பிறகு மைத்துனன் அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினான்.

மார்ச் 22
பதிப்பாளரின் துணிப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. மூன்று.