வீட்டைப் பார்த்தபடி நின்ற காம்பர் வான்

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டின நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது கடிதம் எழுதும்போதும் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் இந்த ‘இஞ்சாருங்கோ’வுக்கு எத்தனை ஆம்பிளைகள் திரும்பிப் பார்ப்பார்களோ! நீங்கள் திரும்பினால் எனக்குப் போதும்.

லண்டனில், எங்கட கிங்ஸ்பரியில், வெயில் வந்துவிட்டது. முன்வீட்டுக்காரர் புல்லு வெட்டத் தொடங்கிவிட்டார். வழக்கமாக இந்த நேரம் நீங்கள் காம்பர் வானுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பீர்கள், வெளியே தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும், நான் கத்திக்கொண்டிருப்பேன். கட்டிலும் அடுப்பும் தண்ணித் தொட்டியும் உள்ள அந்தப் பழைய வானை, பென்ஷன் எடுத்த கையோடு வாங்கி வந்து, “இது எங்கட ரெண்டாவது வீடு” என்றீர்கள். “முதல் வீட்டையே கூட்டித் துடைக்க ஏலாமல் கிடக்கு” என்றேன் நான். ஆனால் முதல் கோடையிலேயே எனக்கும் அது பிடித்துப்போனது. அதை உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் உங்களைப் பிடிக்க ஏலாது.

எப்போதும் ரிவேர்ஸில் உள்ளே விட்டு, வானின் முகம் ரோட்டைப் பார்க்கத்தான் நிறுத்துவீர்கள். ஐப்பசியில் வேல்ஸ் கடற்கரையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு மட்டும் நேராகவே உள்ளே விட்டீர்கள். “களைப்பாக் கிடக்கு. நாளைக்குத் திருப்பி விடுறன்” என்றீர்கள். அடுத்தநாள் விடிய நெஞ்சுநோ. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டுக்கு வரவேயில்லை. குளிர்காலம் முழுக்க வான் வீட்டைப் பார்த்தபடியே நின்றது. முன்னறை யன்னல் சீலையை விலக்கினால் அதன் இரண்டு லைற்றும் என்னையே பார்க்கும். நான் சீலையை விலக்குவதையே விட்டுவிட்டேன்.

போன மாதம் அபி வந்து நின்றாள். உங்கள் மகள் உங்களைப் போலத்தான், வளைத்துப் பேசத் தெரியாது.

“அம்மா, ஆரும் ஓடாமல் விட்டால் வான் துருப்பிடிச்சுப் போகும். சம்மருக்கு ரெடி பண்ணுவம். நீங்களே கேற்றுக்கு வெளியில எடுத்தால் வைச்சிருப்பம். ஏலாட்டி வித்துப்போடுவம்.”

“எனக்கு லைசன்ஸ் இல்லையெண்டு நினைச்சியோ?”

“இருக்கம்மா. ஆனா நீங்கள் ஓடினது சின்னக் கார். அதுவும் கோயிலுக்கும் கடைக்கும்.”

அவள் சொன்னது உண்மைதான். ஆனாலும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. விற்கிறதாம்! உங்களை இன்னொருமுறை வாசலால் தூக்கிக்கொண்டு போகிறதுபோல இருந்தது எனக்கு. “நான் எடுக்கிறன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வானின் நீளம் நினைவுக்கு வந்தது.

இது போதாதென்று கனடாவிலிருந்து என் தங்கச்சி. “அக்கா, அத்தான் போய் ஒரு வருசம் ஆகேல்லை, ஆட்டைத் திவசம் கூட முடியேல்லை. அதுக்குள்ள ஊர் சுத்தப் போறியளோ? சனம் என்ன சொல்லும்?” சனம் வந்து என்னோடு இருந்து சாப்பிடுமா? போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் அபி வருவாள், இரண்டு பேருமாக வேலை செய்தோம். குளிர் தொடங்க முன்னம் தொட்டித் தண்ணியை வடிய விடுவது உங்கள் வேலை. இந்த முறை வடிய விட ஆளில்லை. உறைபனிக்குக் குழாய் வெடித்திருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? தொட்டியை நிரப்பிப் பைப்பைத் திறந்ததுதான் தாமதம், சிங்குக்குக் கீழேயிருந்து தண்ணி பாய்ந்து வந்தது. “ஐயோ, இஞ்சாருங்கோ!” என்று கத்திவிட்டேன். வாய் பழகிப்போய்விட்டது. அபி பாய்ந்து வந்து பைப்பை மூடினாள். பிறகு இரண்டு பேரும் அந்த ஈரத்திலேயே இருந்து அழுதோம். அழுது முடித்து, அவள் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்து தானே பூட்டினாள்.

டயருக்குக் காற்று அடித்தோம். பற்றறியைச் சார்ஜில் போட்டோம், கேஸ் சிலிண்டரை மாற்றினோம். மெத்தையை வெயிலில் காயப்போட்டபோது பார்த்தேன், உங்கள் பக்கம் இன்னும் பள்ளமாகவே கிடக்கிறது. அபி திருப்பிப் போடப் பார்த்தாள், நான் விடவில்லை. வெளிப்பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி. உரஞ்சித் துடைத்தேன். பின்னால் வருவதைப் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடியின் மூலையில் நீங்கள் ஒட்டிய சின்ன வட்டக் கண்ணாடியையும் துடைத்தேன். “பெரிய கண்ணாடி இருக்க இது என்னத்துக்கு?” என்று அன்றைக்கே கேட்டேன். “கிடக்கட்டும்” என்றீர்கள்.

மிச்சம் இருந்தது வானை வெளியே எடுப்பதுதான். ரிவேர்ஸ் என்றாலே எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை, நினைவிருக்கிறதா? நான் வானின் இடது பின்மூலையில் நின்று, வான் வருவதற்கு “வரட்டும், வரட்டும்...” என்றும், நிற்பதற்கு “காணும்!” என்றும் தொண்டை கிழியக் கத்துவேன். “வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ? ஒண்டும் கேக்கேல்லை” என்பீர்கள். வான் வாங்கின புதிதில் ஒருநாள் என்னை அந்த மூலையில் நிறுத்தி, “அசையாமல் நில்லும்” என்று சொல்லிவிட்டு, ஏறினீர்கள், இறங்கினீர்கள், மறுபடி ஏறினீர்கள். எனக்குக் குளிரில் பல்லுக் கிட்டியது. வானின் நீளம் பார்க்கிறீர்களாக்கும் என்று நினைத்தேன்.

வான் வாங்கின அடுத்த வருசம் வேல்ஸில் நான் விழுந்தேனே, அதுவும் ரிவேர்ஸில்தான். ஈரப்புல்லில் கால் வழுக்கி வானுக்குப் பின்னால் மல்லாக்க விழுந்துவிட்டேன். பயத்தில் குரல் வரவில்லை. சில்லு என்னை நோக்கி வந்தது, சட்டென்று நின்றது. இறங்கி ஓடி வந்து, “கண் தெரியேல்லையோ உமக்கு?” என்று ஏசினீர்கள். “நான் கத்தேல்லையே, எப்பிடித் தெரிஞ்சது?” என்று கேட்டேன். “நீர் சத்தம் போடாட்டி ஏதோ பிழை எண்டு தெரியாதோ?” என்றீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை கோடைக்குச் சிரித்தோம்!

நேற்றுக் காலை உங்கள் சீற்றில் ஏறி இருந்தேன். நீங்கள் விட்ட இடத்திலேயே இருந்தது. பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. அபி பின்னால் போய், நான் வழக்கமாக நிற்கிற மூலையிலேயே நின்றாள். நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெரிய கண்ணாடியில் வேலியும் ரோட்டும் தெரிந்தன. அந்தச் சின்ன வட்டத்தில் ரோட்டு இல்லை, கேற்றுத் தூண் இல்லை. அபிதான் நின்றாள், தலையிலிருந்து சப்பாத்து வரைக்கும்.

அப்போதுதான் விளங்கியது. நீங்கள் என் குரலைக் கேட்டு ஒருநாளும் வண்டியைப் பின்னால் எடுக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறீர்கள். குளிரில் நிறுத்தி வைத்து ஏறி இறங்கினது அதற்குத்தான். வேல்ஸில், அந்த வட்டத்துக்குள் நான் இல்லாமல் போனதும் பிரேக்கை மிதித்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொன்னால் நான் கத்துவதை விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களோ?

ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அபி ஓடி வந்தாள்.

“அம்மா, ஓகேயா? வேண்டாமெண்டா விடுவம். நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன்.”

“போய் அங்கேயே நில்லடி.”

கால் எட்டுவதற்காகச் சீற்றை முன்னுக்கு இழுத்தேன். இழுத்ததும் வட்டத்துக்குள் அபி இல்லை. உங்கள் உயரத்துக்கும் உங்கள் இருப்புக்கும் வைத்த கண்ணாடி அது. எனக்கு வேலியின் ஒரு துண்டுதான் தெரிந்தது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பின்னால் நிற்கிறது நம் பிள்ளையல்லவா? இறங்கிப் போய் என் விரலால் அதைத் திருப்பினேன். ஏறிப் பார்த்தேன், சரியில்லை. திரும்பவும் இறங்கினேன்.

“என்னம்மா செய்றீங்கள்? ஏறுறீங்கள், இறங்குறீங்கள்?”

“கதையாமல் நில்லு. அசையாதை.”

கடைசியில் அவள் வட்டத்துக்குள் வந்தாள். நீங்கள் வைத்துவிட்டுப் போனதை என் கையாலேயே குலைத்துவிட்டேன். என்னைக் கோபிக்காதேயுங்கோ.

“வரட்டும், அம்மா, வரட்டும்... காணும்!” ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளை, அந்த இரண்டு சொல்லையும் என்னைப் போலவே கத்தினாள். எங்கே பழகினாளோ. நான் அவள் வாயைக் கேட்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு எடுத்தேன். தூணிலும் முட்டவில்லை. ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ரிவேர்ஸிலேயே உள்ளே விட்டேன். நாளைக்குத் திருப்பி விடுறன் என்றீர்களே, திருப்பிவிட்டேன். இன்று காலை யன்னல் சீலையை விலக்கினேன். வானின் முதுகுதான் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை, அது இன்னும் கூட அழுகையைக் கொண்டு வந்தது.

ஆடியில் அபியோடு அதே கடற்கரைக்குப் போகிறேன். வான் இனி விற்பனைக்கு இல்லை. மெத்தையில் உங்கள் பக்கம் நான் படுப்பேன். கண்ணாடிக்குள் என்னை வைத்துப் பார்க்க இனி ஒருவரும் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வட்டத்துக்குள் பிள்ளை தெரியாமல் ஓர் அங்குலம்கூட வானைப் பின்னால் எடுக்கமாட்டேன். உங்கள்மேல் ஆணை.

பின்மூலையில் நின்று கத்தின
உங்கள் மனைவி,
அபியின் அம்மா